இடப்பக்கம்

சென்னையில் நாலு நாள்
இடக்கண்ணோடு வைத்துத் தைத்திருந்தார்கள்
நகத்தளவு பொன்தகடு.
கலியாணத்துக்குக்கூட இவ்வளவு கிட்ட
ஒருவரும் எனக்குப் பொன் வைத்ததில்லை.

கட்டி செத்தது.
ஒரு வருசம் கழித்துப் பார்வையும்,
ஆறுதலாக,
கடை பூட்டுகிறவன் ஒவ்வொரு லைட்டாய் அணைக்கிறமாதிரி.

வெள்ளவத்தை வீட்டில்
பிளேன்டீ கோப்பைக்கு வெளியே விழுகிறது.
கேத்தலின் மூக்கை விளிம்பில் முட்டவைத்து
ஊற்றப் பழகிவிட்டேன்.
பஸ்ஸில், மிச்சக்காசுக்கு அரைச்சாண் முன்னால்
என் கை மூடிக்கொள்கிறது.
"மிஸ், மென்ன" என்கிறான் கொண்டக்டர்,
சிரிக்காமல். அதற்கு நன்றி.

காலி வீதியைக் கடக்க
காதை இடப்பக்கம் அனுப்புகிறேன்.
நூறாம் நம்பரை பிறேக் சத்தத்தில் பிடிக்கும்.
சைக்கிள்காரர் தப்பிவிடுவார்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருக்கா ஈரல் ஸ்கான்.
முதல்நாள் இரவில் தில்லைநாதன் அதிகம் பேசமாட்டார்.
மரைன் டிரைவ்வில் நடக்கக் கூப்பிடுவார்.

நேற்று, றெயில் போய் முடிய,
எனக்கு இடப்பக்கம் மாறி நடந்தார்.
"அங்கால நிண்டா உங்களைத் தெரியாதே."
"தெரியாத பக்கத்திலதானே ஆள் வேணும்."

கையை நீட்டினேன்.
முதல்தரம் உப்புக்காற்று.
இரண்டாந்தரம்
அவருடைய மணிக்கூட்டுப் பட்டி,
வியர்வையில் ஈரமாய்.