நாலரை

வெள்ளிக்கிழமை சாயங்காலம்
ஒன்பதாம் மாடி இன்சூரன்ஸ் கூட்டம்
லிஃப்டுக்குள் நின்றே கணக்குப் போட்டது.
பதினோரு பேருக்குப் பணம் கட்டியாயிற்று,
பரூச்சாவுக்குக் காய்ச்சல், ஓர் இடம் வீண்.
“சவரி அண்ணா, நீங்க வர்றீங்களா?”
மிருண்மயி கேட்டது விளையாட்டுக்குத்தான்.
ஆறாம் மாடி தாண்டுவதற்குள் சரி என்றுவிட்டேன்.

மகனுடைய ஷூ. ஒரு சைஸ் பெரிது.
முனையில் பஞ்சை அடைத்துக்கொண்டு
சனி ராத்திரி கசாரா லோக்கலில் ஏறினேன்.
கல்யாண் தாண்டியதும் ஜன்னலில் வேறு காற்று.
பிறகு ஜீப்பில் பாரி கிராமம், இருட்டு, ஒரு நாய்.

விசில் மாட்டிய பையன் சொன்னான்:
இங்கிருந்து உச்சிக்கு ஏறக்குறைய தொள்ளாயிரம் மீட்டர்.
மாடிக்கு மூன்று என்று போட்டால் முந்நூறு மாடி.
பல்லார்ட் பியரில் எங்கள் கட்டடம் பதினொன்று.
பதினாறு வருஷமாக ஸ்டூலில் உட்கார்ந்தபடி
தினமும் இதைவிட அதிகம் ஏறியிருக்கிறேன்,
சட்டை கசங்காமல்.

இருபதாம் மாடியில் வலது முழங்கால் பேசியது.
அறுபதில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.
நூறுக்கு மேல் எண்ணவில்லை,
எண்ணுவதற்கும் மூச்சு வேண்டியிருக்கிறது.
விடிந்தபோது பாறைத் திட்டில் ஒருத்தி
எலுமிச்சைச் சாறு விற்றுக்கொண்டிருந்தாள்.
ஸ்டவ், சின்ன சிலிண்டர், இரண்டு குடம் தண்ணீர்.
இதெல்லாம் எந்த லிஃப்டில் வந்தது என்று கேட்டேன்
என் உடைந்த மராத்தியில்.
அவள் சிரித்து, தன் உச்சந்தலையைத் தொட்டுக் காட்டினாள்.
இருபது ரூபாய். பேரம் பேசவில்லை.

இரும்பு ஏணியில் தாதர் மேம்பாலத்துக் கூட்டம்.
மேலே போகிறவர்களும் கீழே வருகிறவர்களும்
ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு
ஒருவரை ஒருவர் முறைத்தார்கள்.
எல்லாம் நின்றுவிட்டது.
எனக்கு மூன்று படி மேலே மிருண்மயி.
அவள் கால் நடுங்குவது
படி வழியாக என் உள்ளங்கைக்கு வந்தது.
கீழே பார்க்காதே என்று யாரோ கத்த
அவள் பார்த்தாள்.

ஒரு மழைக்காலத்தில், கரண்ட் போய்,
நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவில் நாற்பது நிமிஷம்
ஒரு ஆடிட்டரோடு மாட்டிக்கொண்டேன்.
அவர் கதவைக் குத்தினார், அப்புறம் அழுதார்.
மேலே வேலை நடக்குது சார் என்றேன்.
நடந்ததா என்று எனக்குத் தெரியாது.

“எந்த மாடி?” என்று கேட்டேன்.
அவள் திரும்பவில்லை.
“நாலு,” என்றேன், லிஃப்டில் சொல்கிற குரலில்.
ஓர் அடி நகர்ந்தது வரிசை.
“நாலரை.”
“அப்படி ஒரு மாடியே இல்லை அண்ணா.”
“இருக்கு. நான் நின்னிருக்கேன்.”
அஞ்சு. ஆறு. ஏழில் ஒருவர் பை என் முகத்தில் உரசிப் போனது.
எட்டில் ரொம்ப நேரம்.
ஒன்பது என்றதும்
அவள் கால் தானாக வெளியே எடுத்து வைத்தது,
பாறையில்.

உச்சியில் மூடுபனி, வேறெதுவும் இல்லை.
சின்னக் கோயில், நனைந்த கொடி.
வெள்ளைச் சுவரின் முன் நின்றதுபோல்
எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.
மகாராஷ்டிராவிலேயே உயரமான இடம் என்றான் விசில் பையன்.
என் இடது கை மட்டும்
இழுத்துத் திறக்கக் கம்பிக்கதவைத் தேடி
காற்றில் கொஞ்சம் அலைந்தது.

இறங்கியதைப் பற்றிச் சொல்லப்போவதில்லை.
அதற்கு வேறு முழங்கால் வேண்டும்.

திங்கட்கிழமை ஒன்பதே முக்கால்.
ஸ்டூலை விட்டு எழ முடியவில்லை.
பையன்கள் உச்சியை உரக்கப் பேசியபடி வந்தார்கள்,
மிருண்மயி சுவரைப் பிடித்தபடி.
கேட்காமலே ஒன்பதை அமுக்கினேன்.
இரண்டு. மூன்று. நாலு.
“நாலரை,” என்றேன் வாய்க்குள்.
அவள் மட்டும் சிரித்தாள்.
மற்றவர்கள் எண் பலகையைப் பார்த்தார்கள்.