குலை

எட்டு பிட்டுக்கு ஒரு பைட்.
அதற்குமேல் யாரும் எங்களிடம் பெயர் கேட்டதில்லை,
போன செவ்வாய்க்கிழமை வரை.

யூனியன் பிளேஸ், பதினோராம் மாடி,
ஏசி எங்கள் கழுத்தை மட்டும் தேடி ஊதும் மூலை.
மூன்று பேர், ஒரு படிவம், அதில் ஒரு வெற்றுப்பெட்டி:
தொகுதிகளின் தொகுதிக்குப் பெயர் இடுக.

தொகுதித்தொகுதி என்றேன். திரை ஏற்றது,
நாக்கு ஏற்கவில்லை.
பஸ் நிறைய பஸ் என்றான் இசங்க.
நூற்று முப்பத்தெட்டில் தினம் தொங்குகிறவனுக்கு
வேறென்ன தோன்றும்.
ருஷ்தா சிரிப்பை அடக்கிக்கொண்டு
சம்பல்களின் சம்பல் என்று தட்டினாள்.
உடனே எல்லோருக்கும் பசித்தது.

பிறகு நிறுத்த முடியவில்லை.
கோப்புறைக்குள் கோப்புறைக்குள் கோப்புறை: ஒரு வெங்காயம்.
திறக்காத மின்னஞ்சல்கள்: ஒரு மாரி.
கடவுச்சொற்கள்: ஒரு மறதி.
நூறு கோப்பு: ஒரு கவுளி.
வெற்றிலைக் கணக்கா, சுவர்ப்பல்லியா என்றாள் ருஷ்தா.
இரண்டும்தான், இரவில் சத்தம் போட்டால் பல்லி.

பட்டியல்களின் பட்டியல் என்றால்
நேரடியாக இருக்குமே என்றான் இசங்க.
பட்டியல் மட்டும் வேண்டாம் என்றேன்.
வெள்ளவத்தை லொட்ஜில் எங்கள் நால்வர் பெயரும்
ஒரு தாளில்,
அந்தத் தாள் ஒரு கட்டில்,
அந்தக் கட்டு ஒரு பொலிஸ் மேசையில்
இருந்த வருடம் எனக்கு ஏழு வயது.
இதைச் சொல்லவில்லை.
அவன் ஏனென்று கேட்கவுமில்லை. அழித்தான்.

கடைசியில் கீழே பழக்கடைதான் காப்பாற்றியது.
பழம், சீப்பு, குலை.
அவரிய, கென என்று
இசங்க தன் மொழியில் விரல்விட்டுப் பார்த்தான்.
கணக்கு ஒத்து வந்தது.
குலை என்றே பதிந்தோம், பிளேன்டீ குடித்தோம்.

இன்று அதிகாலை இரண்டு இருபதுக்குக்
கைப்பேசி அலறியது:
குலை மூன்று. சீப்பு ஏழு. பழம் இல்லை.
பத்து நிமிடத்தில்
மூன்றாம் குலை முழுவதும் குலைந்தது.
நாங்கள் பெயர்ச்சொல்லாய் வைத்ததை
இயந்திரம் வினைச்சொல்லாய் வாசித்திருக்கிறது.

வங்கியிலிருந்து ஒருவர், தூக்கம் கலையாத குரலில்,
பழம் எங்கே என்று கேட்கிறார்.
தேடுகிறோம் ஐயா.

விடிகிறது. கடற்கரைப் பக்கம் முதல் ரயில்.
அடுத்ததற்குத் தாறு என்று வைப்போமா,
ருஷ்தா செய்தி அனுப்புகிறாள்.
வேண்டாமடி,
அது தனியாக வராது,
மாறையும் கூட்டிக்கொண்டு வரும்.