பக்கம் புரட்டியவளின் கணக்கு

நாரின் நகர மருத்துவமனையில் நான் கணக்கர்.
ஏழு வயதில் தொடங்கி நான்கு குளிர்காலம்
சோவியத் இசைப்பள்ளிக்குப் போனவள் என்று
யாரோ சொல்லிவிட்டார்கள் அந்த எஸ்தோனியக்காரியிடம்.
அதனால் அந்தச் சனிக்கிழமை
அவளுக்கு இடப்பக்கம் எனக்கொரு முக்காலி.
பக்கம் புரட்ட.

பேர் ஹெல்வே. அறுபதைத் தொட்டவள்.
கைகுலுக்கினால் மாவு பிசைகிறவளின் பிடி.
ருஷ்ய மொழியில் பேசிக்கொண்டோம்;
இருவருக்குமே அது
இரவல் வாங்கித் திருப்பிக் கொடுக்காத சட்டை.
"எந்தப் பாடநூல்?" என்றாள்.
அட்டையின் நிறத்தைச் சொன்னேன்.
"அதேதான். பதினாறாம் பக்கம்."
சேர்ந்தாற்போல் முகம் சுளித்தோம்.

பியானோ முந்தின நாளே வந்திருந்தது,
தோலோன் கணவாய் ஏறி, தின்ச்தீக்கின் லாரியில்,
கம்பளத்துக்கும் வைக்கோலுக்கும் நடுவே,
வலியெடுத்த பெண்ணை ஏற்றி வருவதுபோல்
மெல்ல, மெல்ல என்று.
அப்படியும் குளிரில் சுருதி இறங்கிவிட்டது.
விடிய விடிய அவளே சாவியைப் பிடித்து முறுக்கினாள்.
மேலே ஒரே ஒரு கட்டை
கடைசிவரை மசியவில்லை.
"விடு. பல் வலித்தால்
மறுபக்கம் மெல்லுவதில்லையா?"

மேடையில் தூதரகத்தின் பதாகை:
இரு நாட்டு நட்பு, நான்கு நிறத்தில்.
நட்புக்கு நான் எதிரியில்லை.
எங்களுக்கு வேண்டியது இரண்டு இன்குபேட்டர்.
இருப்பது மூன்று; ஒன்றின் கதவு
ஒட்டுநாடாவில் நிற்கிறது.

இரண்டாவது உருப்படி. மிக மெதுவானது.
ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில்
யாரோ படியிறங்கிக்கொண்டே இருப்பதுபோல.
ஏழாம் பக்கத்தின் மூலையைப் பிடித்திருக்கிறேன்,
மின்சாரம் போனது.

பியானோவுக்கு மின்சாரம் எதற்கு?
அவள் நிறுத்தியிருக்க வேண்டியதில்லை.
ஆனால் இருநூறு தலைகள்
மேடையை விட்டு ஜன்னல் பக்கம் திரும்பின.
கழுத்துத் துணிகள் உரசும் சத்தம், அவ்வளவுதான்.
அது அவளுக்குக் கேட்டது.
கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.
சாலைக்கு அந்தப்பக்கம்
மருத்துவமனை இருட்டாக நின்றது.

எண்ணினேன். கணக்கர் வேறென்ன செய்வாள்.
பதினொன்று. பன்னிரண்டு.
மருத்துவச்சி கலிமான் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள்.
பத்தொன்பதில்
இருமி, அடங்கி, மறுபடி இருமி
ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது.
மூன்று ஜன்னலில் மஞ்சள்.

அரங்கே எழுந்து கைதட்டியது,
ஜெனரேட்டருக்கு.
அன்றிரவின் பெரிய கைதட்டல் அதுதான்.
ஹெல்வேயும் எழுந்து தட்டினாள்.
தூதரகத்துக்காரர் சற்றுத் தாமதமாக.

பிறகு இருட்டிலேயே வாசித்தாள்,
விட்ட சுரத்திலிருந்து.
அந்த ஒற்றைக் கட்டையை ஒருமுறை தொட்டுவிட்டாள்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
ஏழாம் பக்கம் கடைசிவரை என் விரலிலேயே இருந்தது.

"மனப்பாடமென்றால் நான் எதற்கு?"
தேநீர் ஊற்றியபடி கேட்டேன்.
"பக்கத்தில் ஆள் இருந்தால் அவசரப்பட மாட்டேன்.
சர்க்கரை எங்கே?"

பெட்டியைத் திறந்தோம்.
முப்பத்தெட்டாயிரத்து நானூறு சோம்.
ஒரு கோட்டுப் பொத்தான்.
கிழித்த காகிதத்தில் பென்சிலால்:
'ஆடு ஒன்று. வியாழக்கிழமை வந்து ஓட்டிப்போகவும்.
அத்பாஷி சாலை, நீலக் கதவு.'

லாரி வாடகை நாற்பத்திரண்டாயிரம்.

தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.
விளக்கருகே பிடித்து நெடுநேரம் பார்த்தாள்,
மசியாத கட்டையைப் பார்த்த அதே பார்வை.
"வாடகையை நான் கட்டுகிறேன். ஆனால் எழுது.
செலவை மறைக்காதே.
அடுத்த முறை
பியானோ இல்லாமல் வா என்று
யாராவது என்னிடம் சொல்லத் தெரிய வேண்டும்."

வியாழனன்று நானும் தின்ச்தீக்கும் போனோம்.
நீலக் கதவு. கறுப்பு முகத்து ஆடு.
கொடுத்த கிழவர் அரங்குக்கே வந்ததில்லையாம்;
மகள் போய் வந்து சொன்னாளாம்,
ஜெனரேட்டர் விஷயத்தை.

மாதக் கடைசியில் தலைநகரிலிருந்து தணிக்கையாளர்:
இந்த வரிக்குத் தொகை எங்கே?
தொகைப் பத்தி குறுகல்,
இரண்டு சொல்தான் பிடித்தது:
ஆடு, உயிருடன்.