நிகர எடை

வரும்போது ஒரு எடை.
குலைகளைக் கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஒரு எடை.
கழித்தால் பழம்.
பதினாறு வருடமாக எனக்குச் சோறு போடுவது
இந்த ஒரு கழித்தல் கணக்குதான்.

பெயர்ப்பலகை பெஸ்தாரி ஜெயா என்கிறது.
நாங்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தையில்தான் இருக்கிறோம்.

நேற்று மழை விட்ட நேரம்
எடைப்பாலத்தில் லோரியை நிறுத்திவிட்டு
கண்ணாடி இடுக்கில் ஐம்பது வெள்ளியை நுழைத்தான் சன்னாசி.
"முந்நூறு கிலோ ஏத்திப் போடு தனம்.
கம்பெனிக்கு இதெல்லாம் கொசுக்கடி."

எண்ணைக் கையால் அடிக்க ஒரு வழி உண்டு.
அவனுக்கும் தெரியும்.
விரல் மூன்றின்மேல் இருந்தது.
அடிக்கவில்லை.

இரவு முழுக்க ஒரே குடைச்சல்:
அடிக்காதது யார்?

கித்தாப் பாலில் தண்ணீர் கலந்தார் என்று
பிரட்டுக்களத்தில் எல்லார் முன்னாலும்
அப்பாவின் வாளியை மண்டோர் கவிழ்த்தபோது
எனக்கு ஏழு வயது.
சரி, அதைக் கழி.
கூரை மூலையில் கேமரா. கழி.
(இரண்டு மாதமாக அது ஓடவில்லை.
எனக்கு மட்டும்தான் தெரியும்.
இதைக் கூட்டவா, கழிக்கவா?)
மகளின் பள்ளி பஸ் காசு முந்தாநாள்தான் கட்டி முடித்தேன்.
கட்டாமல் இருந்திருந்தால்?
கழி.
சன்னாசியின் சட்டையில் அடித்த சம்சு வாடை,
ஆடி மாத விரதம்,
மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்ட மீன்குழம்பு.
கழி, கழி.

விடியும்போது திரையில் பூஜ்யம்.
நான் என்று ஒரு கிராம்கூட மிச்சமில்லை.

ஆனாலும்
வெறும் லோரியை நிறுக்கும்போது
நான் டயரைக் கழற்றச் சொன்னதில்லையே.
எஞ்சினை இறக்கு, கதவைப் பிடுங்கு,
எல்லாம் போக மிஞ்சுவதுதான் லோரி என்று
எந்த ஓட்டுநரிடமாவது சொன்னால்
என்னைத் தஞ்சோங் ரம்புத்தானில் இறக்கிவிட்டுத்தான்
மறுவேலை பார்ப்பான்.

கவிழ்ந்த வாளியில்தான்
நான் உருண்டு வந்திருக்கிறேன்.

சன்னாசிக்கும் ஒரு வாளி இருக்கும்.
கேட்கவில்லை.
கேட்டிருந்தால் விரல் இறங்கியிருக்குமோ என்னவோ.

இன்று காலை மறுபடி வந்தான்.
இடுக்குப் பக்கம் கையே வரவில்லை.
நான் என்ன செய்வேன் என்று
அவன் முகத்துக்குத் தெரிந்திருந்தது.
எனக்கும் தெரிந்திருந்தது.
செம்பனை ஆலைச் சங்குக்கும்
தெரிந்திருக்கும் போல, அப்படி ஊதியது.

இருந்தும்
பொத்தானை
நான்தான் அழுத்த வேண்டியிருந்தது.