மேற்கோள் குறி இல்லாமல்

திபிலிசியில், க்ல்தானி வட்டாரத்தில்,
நானூற்றுப் பன்னிரண்டு மின்தூக்கிப் புகார்கள்
வாஜாவுக்காகக் காத்திருந்தன.
வாஜா போலந்துக்குப் போய் ஏழு மாதம்.

புகார்ப் பதிவேட்டில் இவர்களாகச் சேர்த்துக்கொண்ட ஒரு கட்டம்:
யாருக்காக நிற்கிறது?
அதில் ஏதாவது இருக்கும்வரை
பழுதுபார்ப்பவர்களின் காலைப் பட்டியலில் அந்தப் புகார் ஏறாது.
விதி அப்படி. எழுதியவனும் வாஜாதான்.

எட்டாம் மாடியிலிருந்து மக்வாலா
நாள் தவறாமல் அழைத்தாள்.
இரட்டைக் குழந்தைகள், ஒரு தள்ளுவண்டி,
நூற்று அறுபத்திரண்டு படி.
எண்ணியிருக்கிறாள். இரண்டு முறை.

எதேரி இரவில் உட்கார்ந்தாள்.
ஒவ்வொன்றாகக் கையால் அழித்தால் விடிந்துவிடும்;
ஏபிஐ வாசலில் ஒரே மடலாகப் போட்டுவிடலாம்.

முதலில், அந்தக் கட்டத்தின் பேச்சையே எடுக்காமல்
மற்றதையெல்லாம் அனுப்பினாள்.
சர்வர் சரி என்றது.
வாஜா இருந்தான்.
சொல்லாமல் விட்டால்
அப்படியே இருக்கட்டும் என்றுதான் அதற்குப் பொருள்.
பேச்சை எடுக்காவிட்டால் ஆள் போய்விடுவார் என்று
எத்தனை வீட்டில் நம்பியிருக்கிறார்கள்.

அடுத்து இரண்டு மேற்கோள் குறி, நடுவே காற்று.
மறுபடியும் சரி.
மறுபடியும் வாஜா.
உறை எடையில்லாமல் இருந்ததால்
பிரிக்காமலே ஓரமாய் வைத்துவிட்டது போலும்.

மூன்றாவதாக,
கையேட்டின் அடியில் கிடந்த ஒரு சொல்லை எடுத்து
மேற்கோளுக்குள் போட்டு அனுப்பிவிட்டு,
சரிபார்க்காமல் படுக்கப் போனாள்.

காலையில்
நானூற்றுப் பன்னிரண்டு புகார்களும்
நல்லுக்காகக் காத்திருந்தன.
"நல் யாரு?" என்றான் தாரியேல்,
கருவிப் பெட்டியைக் கீழே வைக்காமல்.
"புதுசா? இவராவது வருவாரா?"

என் காதில் அது தமிழாக விழுகிறது.
நல்: நல்ல என்பதன் பாதி.
கடைசி எழுத்தின் தலையில் ஒரு புள்ளி.
அது எதையும் கூட்டுவதில்லை;
லகரத்தின் உயிரை எடுத்துவிடுகிறது, அவ்வளவுதான்.
எடுக்கவும்
ஒன்றை வைக்க வேண்டியிருக்கிறது.

எதேரிக்குத் தமிழ் தெரியாது.
அவள் மேற்கோளை மட்டும் கழற்றினாள்.
கட்டத்தைப் பெயர் சொல்லி அழைத்து
எதிரே வெறும் நல்.
இருநூற்று நான்கு என்றது சர்வர்.
அதற்குக் கீழே ஓர் எழுத்துகூட இல்லை.
இல்லை என்று சொன்னதற்கு
இல்லாமலே ஒரு பதில்.

வரலாற்றுப் பக்கம் மட்டும் வைத்துக்கொண்டது:
முன்பு வாஜா, பிறகு நல், பிறகு
வரி அங்கேயே நின்றது.

மத்தியானம் தொலைபேசி.
லோட்ஸ் நகருக்கு வெளியே, லாரிகள் நிறுத்துமிடம்,
பின்னால் யாரோ எஞ்சினை அணைக்காமல் விட்டிருந்தார்கள்.
புகார்களைப் பின்தொடர்வோர் பட்டியலில்
வாஜாவின் முகவரி இன்னும் இருந்தது;
அந்தக் கட்டத்தை அவள் நினைக்கவில்லை.
ஒரே ராத்திரியில் அவனுக்கு
எண்ணூற்று இருபத்து நான்கு அஞ்சல்.

"நான் என்ன தப்பு பண்ணினேன், எதேரி?"
"தூக்கி ஓடணும், வாஜா."
"எட்டாம் மாடிக்காரியோடதா?"
"அவளோடதும்."
"அதுல மோட்டார் பழுதே இல்ல.
காசுப் பெட்டிக்குள்ள எவனோ சட்டைப் பொத்தானைப் போட்டுட்டான்.
சொல்லணும்னே இருந்தேன்."

ஏழு மாதமாக.

தாரியேலுக்குக் கையால் சைகை காட்டினாள்; அவன் போய்விட்டான்.
எஞ்சின் சத்தம் கொஞ்ச நேரம்.
பிறகு அவன் கேட்டான்:
"என் இடத்துல என்ன போட்ட?"
"ஒண்ணுமில்ல."
"ஒண்ணுமில்லைன்னு எழுதினியா,
ஒண்ணுமே எழுதாம விட்டியா?"

விதி எழுதியவன் கேட்கிற கேள்வி.

"எழுதினேன்," என்றாள்,
"மேற்கோள் குறி இல்லாம."
"அப்ப சரி."