வியாழக்கிழமை, ஏழரை மணி

மானிட்டோவாக்கில் வியாழன் இரவு ஏழரைக்கு
எங்கள் வீட்டுக் கூடம் தண்ணீருக்குள் இறங்கும்.

கறுப்பு வெள்ளைக் கடல்.
வாரம் தவறாமல் அதே எதிரிக் கப்பல்
அதே இடப்பக்கம் சாய்ந்து மூழ்கும்.
குண்டு வெடித்ததும் ரிவெட் ஒன்று தெறிக்கும்,
யாரோ மறைந்து நின்று குழாயால் பீய்ச்சுவார்கள்.

நான் சிரித்துவிடுவேன்.
அந்த உடம்பில் ஏது ரிவெட்?
நாற்பத்து மூன்றில் பனிக்காலம் முழுக்க
மல்லாந்து கிடந்து பற்றவைத்தவள் நான்;
பொறி விழுந்த வடு கழுத்தில் இன்னும் இருக்கிறது.

எல்டன் சிரித்ததில்லை.
"விசிறியையும் நிறுத்து" என்று திரையில் கிசுகிசுத்ததும்
காப்பிக் கோப்பையைத் தட்டில் வைக்காமல்
அந்தரத்திலேயே பிடித்திருப்பார்,
சோப்பு விளம்பரம் வரும்வரை.
அவர் போன கப்பலின் பெயரையே
பென்ஷன் தாளில்தான் பார்த்தேன்.

இப்போது நினைத்த நேரத்தில் பார்க்கலாம்,
முப்பத்தொன்பது வாரமும் வரிசையாக.
நேற்று பதினோராவது.
கேப்டனே சின்னப் பையனாகத் தெரிகிறான்,
ஒட்டுமீசையோடு.

விசிறியை நிறுத்தச் சொன்னான்.
சமையலறையில் ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது.
எழுந்துபோய்
பிளக்கைப் பிடுங்கிவிட்டு
வந்து உட்கார்ந்தேன்.