கீழே சிவப்பு

தாடையை இங்கே வையுங்கள், லாரியே ஐயா.
பச்சைச் சிலுவையைப் பாருங்கள்.
இமைக்காதீர்கள்…
ம், இப்போது இமைக்கலாம்.

தெமாவுக்கும் அக்ராவுக்கும் நடுவே
இருபத்தாறு வருடம் ட்ரோட்ரோ ஓட்டியவர்.
சுவரில் தொங்கும் எழுத்துப் பலகையைக்
கடைசி வரிவரை ஒப்பித்துவிட்டார்.
"என் கண்ணுக்கு என்னம்மா கேடு?
போன மாதத்திலிருந்து
இந்த ஊரில் ஒரு சிக்னலும் எரிவதில்லை.
முதலில் அதைப் பார்க்கச் சொல்."

இயந்திரம் எதையும் கேட்பதில்லை.
ஒளியை அனுப்பி
திரும்பி வந்ததை அளக்கிறது,
நரம்பிழைப் படலத்தின் தடிமன், மைக்ரானில்.
மேலே நூற்றுப் பன்னிரண்டு. பச்சை.
கீழே
நாற்பத்தொன்பது.

விழித்திரையில் உலகம் தலைகீழ்.
அங்கே கீழே தேய்ந்தால்
இங்கே மேலே இருப்பது போகும்.
போன இடம் இருட்டாகக்கூடத் தெரியாது;
பக்கத்து வானத்தில் கொஞ்சம் கிழித்து
மூளை ஒட்டுப் போட்டுவிடும்.

கம்யூனிட்டி ஒன்பது சந்திப்பில்
கம்பத்தின் உச்சியில் எரிந்துகொண்டுதான் இருக்கிறது சிவப்பு.
இன்று காலை நானும் அந்த வழியேதான் வந்தேன்,
யாரோ ஓட்டிய ட்ரோட்ரோவில்,
முன் சீட்டில்.

அச்சுத் தாள் சூடாக வெளியே வருகிறது.
"படம் நன்றாக விழுந்திருக்கிறதா, எசினாம்?"
"நன்றாக விழுந்திருக்கிறது" என்கிறேன்.
பொய்யில்லை.
மிச்சத்தை டாக்டர் சொல்வார்.

வண்டிச் சாவியைத் தேடுகிறார்,
சட்டைப் பையில், நாற்காலியில், தரையில்.
அது என் மேசைமேல் இருக்கிறது.
தாளை
அதன் மீது வைக்கிறேன்.